இலிங்க ஓமோன்களும் நோயெதிர்ப்பாற்றலும்

ஒரே கிணற்று நீரை அருந்தி, ஒரே அடுக்களைச் சோற்றை உண்டு வாழும் கணவனும் மனைவியும் ஒரே அமீபாவைத் தம் குடலிற் பெறுவராயின், அதனால் விளையுந் துன்பமும் இருவர்க்கும் ஒத்ததாகவே இருக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆயின் மருத்துவர் கண்ட உண்மை வேறு. எந்தமீபா இஸ்தோலித்திக்கா என்னும் அவ்வொட்டுண்ணி, குடலிலே தங்குமளவில் ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடு பெரிதுங் காட்டுவதில்லை. அது குடற்சுவரைத் துளைத்து, குருதி வழியே ஈரலை அடைந்து, அங்கே சீழ்க்கட்டியைத் தோற்றுவிக்கும் நிலையிலோ, நோயாளருள் ஆடவர் தொகை பெண்டிர் தொகையிலும் பன்மடங்காகின்றது. பத்து மடங்கு வரை செல்லும் எனக் கணக்கிட்டோரும் உளர்.

ஆடவர் மதுவருந்துதலே இதற்குக் காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. இக்கூற்றை மறுப்போர், பூப்பெய்தாத சிறுவர் சிறுமியரிடத்து இவ்வேறுபாடு காணப்படாமையை எடுத்துக் காட்டுவர். ஆனால், சிறுவரும் மதுவருந்துவதில்லையே என ஒருவர் திருப்பி வினவலாம். அவ்வினா நியாயமானதே. மனிதருடைய பழக்கவழக்கங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பன. அவற்றுள் ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்து நிறுத்தல் அரிது. ஆகவே ஆராய்ச்சியாளர் எலிகளிடம் செல்ல வேண்டியதாயிற்று. எலி கள்ளுக் குடிப்பதில்லை. ஆண் எலி வயலுக்குச் செல்லப் பெண் எலி வீட்டில் இருப்பதுமில்லை. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள வெப்பவலய மருத்துவ ஆய்வு நிலையத்தார் சுண்டெலிகளின் ஈரலில் அமீபாக்களை நேரே செலுத்திப் பார்த்தனர். பெண் எலிகள் தொற்றினை விரைவில் அகற்றின. ஆண் எலிகளிற் கட்டிகள் பெரிதாகி நீடித்து நின்றன. விதைகள் நீக்கப்பட்ட ஆண் எலிகளோ பெண் எலிகளைப் போல நோயினின்றுந் தேறின. பெண் எலிகளுக்குத் தெஸ்தொஸ்தரோன் கொடுக்கப்பட்டபோது அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றிற்று. ஒட்டுண்ணிகளை ஒழிக்கும்படி ஏனைய கலங்களை ஏவும் இன்ரர்பெரோன்-காமா என்னும் பொருளைப் பெண் எலிகள் மிகுதியாக ஆக்குகின்றன என்பதும் தெரியவந்தது. மதுவின் பங்கு யாதாயினும் ஆகுக. ஓமோனுக்கும் ஒரு பங்குண்டு என்பது இதனால் துணியப்படும்.

இலிங்க ஓமோன்கள் எனப்படுவன யாவை என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் தகும். விதைகள் சுரக்கும் தெஸ்தொஸ்தரோன், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்திரசன், சூலகத்தின் மஞ்சட் சடலமும் கருப்ப காலத்திற் சூல்வித்தகமும் சுரக்கும் புரொஜெஸ்தரோன் ஆகிய மூன்றுமே இவற்றுட் சிறந்தன. ஆணுடலிலும் ஈஸ்திரசன் உண்டு. பெண்ணுடலிலும் தெஸ்தொஸ்தரோன் உண்டு. வேறுபாடு அளவிலேயே உளது. குரல் தடித்தல், பூப்பெய்தல், கருத்தாங்கல் ஆகிய இனப்பெருக்கச் செயல்களோடு இவற்றின் பணி முடிந்துவிடுகின்றது எனப் பாடநூல்கள் நமக்குக் கற்பித்தன. அக்கருத்து நிறைவானதன்று என்பதற்கு முதற் சான்று 1898 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. கல்சொலாரி என்னும் இத்தாலியர், விதைகள் நீக்கப்பட்ட முயல்களின் தைமசுச் சுரப்பி ஏனைய முயல்களினதைக் காட்டிலும் பெரிதாயிருத்தலைக் கண்டறிந்தார். அக்காலத்தில் தைமசுச் சுரப்பியின் தொழில் யாதென எவரும் அறியார். நிர்ப்பீடனத்துக்கு இன்றியமையாத ஒருவகை நிணநீர்க்கலங்கள் முதிர்ச்சியடையும் இடம் அதுவே என்பது 1960 ஆம் ஆண்டை அடுத்தே தெளிவாயிற்று. எனவே கல்சொலாரியின் முயல்கள் அறுபதாண்டு காலம் பொருள் விளங்காத புதிராகவே கிடந்தன. நம் உழவரும் எத்தனையோ தலைமுறையாக எருதுகளை நலமடித்து வந்துள்ளனர். அவ்வெருதின் கொம்பும் கழுத்தும் குணமும் மாறுதலை நன்கறிவர். அதன் நோயெதிர்ப்பாற்றலும் மாறுகின்றதோ என வினவியவர் இலர்.

வெண்குருதிக் கலங்கள் பலவற்றினுள்ளே இவ்வோமோன்களைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் உள்ளன. குருதியில் ஓடிவரும் ஓமோன் வாங்கியோடு சேர்ந்தவுடன், அக்கலத்தின் கருவிலுள்ள பரம்பரையலகுகள் சில விழிப்படையும், சில அடங்கும். பொதுப்பட நோக்குமிடத்து, ஈஸ்திரசன் பிறபொருளெதிரிகளின் ஆக்கத்தைத் தூண்டுவது. தெஸ்தொஸ்தரோன் நிர்ப்பீடனச் செயல்களைப் பெரும்பாலும் தணிப்பது. இன்புளுவன்சாத் தடுப்பூசியின் அரைப் பங்கினைப் பெற்ற பெண்கள், முழுப் பங்கினைப் பெற்ற ஆண்களுக்கு ஏறத்தாழ ஒத்த அளவிற் பிறபொருளெதிரிகளை ஆக்கினர் என 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. இவ்வலிமைக்குப் பெண்கள் விலையுங் கொடுக்கின்றனர். உடலின் காவற்படை தன் உடலையே தாக்குவதால் உண்டாகும் லூப்பசு நோயாளர் பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பெண்களே. ஓமோன்களே இதற்கு முழுக் காரணம் என்று கொள்ளுதலும் தவறாகும். நிர்ப்பீடனத்தோடு தொடர்புடைய பரம்பரையலகுகள் பல எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளன; பெண்ணிடத்து அந்நிறமூர்த்தம் இரண்டு, ஆணிடத்து ஒன்றே.

இதுவரை கூறியவற்றால், பெண்ணே எஞ்ஞான்றும் ஒட்டுண்ணிகளை வெல்பவள் என்னும் எளிய விதி ஒன்று பெறப்படுவதாகத் தோன்றும். மலேரியா எலிகள் இவ்விதிக்கு இசைகின்றன. பிளாஸ்மோடியம் சபோடி என்னும் எலி மலேரியாவினால் ஆண் எலிகள் மிகுதியாக மடிகின்றன. தெஸ்தொஸ்தரோன் பெற்ற பெண் எலிகளும் அவ்வாறே மடிகின்றன. ஆனால் இவ்விதியை முற்றாக உடைத்தெறிந்த புழுவொன்று உண்டு. அதன் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

தீனியா கிறசிசெப்ஸ் என்பது ஒரு நாடாப்புழு. முதிர்ந்த புழு நரி முதலிய ஊனுண்ணிகளின் குடலில் வாழும். அதன் குடம்பிகள் எலி முதலிய கொறிவிலங்குகளின் வயிற்றறையிலே சிறு நீர்ப்பைகளாக வளரும். இக்குடம்பிகள் அரும்புவிட்டுத் தாமாகவே பெருகவல்லன. மெக்சிக்கோவில் கார்லோஸ் லராள்டே என்னும் அறிஞரும் அவருடன் உழைத்த ஹோர்கே மொராலஸ் மொந்தோர் முதலியோரும் இப்புழுவைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். இங்கே பெண் எலிகளே பெருந் தொகையான புழுக்களைத் தாங்கின. ஆண் எலிகள் தொடக்கத்தில் எதிர்த்து நின்றன. ஆண், பெண் இருபாலாரின் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் நீக்கியபோது வேறுபாடு மறைந்தது. இதனினும் வியப்பான செய்தி 1995 இல் வெளியாயிற்று. தொற்று நீடிக்க நீடிக்க, ஆண் எலிகளின் குருதியில் ஈஸ்திரசன் வகையான எஸ்திரடியோல் இயல்பான அளவிலும் ஏறத்தாழ 200 மடங்கு உயர்ந்தது. தெஸ்தொஸ்தரோன் 90 சதவீதம் வீழ்ந்தது. அவ்வெலிகள் முதலிற் புணர்ச்சி வேட்கையையும் பின்னர் ஏனை ஆண்களோடு பொரும் இயல்பையும் இழந்தன. அங்ஙனம் பெண்மை எய்திய ஆண் எலிகளிற் புழுக்களும் தடையின்றிப் பெருகின.

புழுவுக்கு இதனால் யாது பயன்? இரு பயன்கள் உள. ஒன்று, ஓமோன்களின் மாற்றத்தால் விருந்துவழங்கியின் எதிர்ப்பு, புழுவைக் கொல்லும் வகையினின்றும் கொல்லாத வகைக்குத் திரும்புகின்றது. மற்றையது இன்னும் நுட்பமானது. குடம்பிகளை எலியினின்றும் பிரித்தெடுத்து, வெண்குருதிக் கலம் ஒன்றுமில்லாத கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தபோதும், எஸ்திரடியோல் சேர்க்கப்பட்டவை மிகுதியாக அரும்பின. தெஸ்தொஸ்தரோன் சேர்க்கப்பட்டவை ஒடுங்கின. ஆகவே விருந்துவழங்கியின் ஓமோன்கள் விருந்துவழங்கிக்கு மாத்திரம் உரியன அல்ல. புழுவும் அவற்றைச் செவிமடுக்கின்றது. ஓமோன் பேசுகின்றது, காவற்கலமும் கேட்கின்றது, கள்வனும் கேட்கின்றான். இலிங்க ஓமோன், நிர்ப்பீடனம், ஒட்டுண்ணி ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்காது இரண்டை மாத்திரம் நோக்குவோர் விடை காணார் என யாம் கருதுவது இதுபற்றியே.

இஃது எலிகளுக்கு மாத்திரம் உரிய செய்தி என எவரும் ஒதுக்கிவிடலாகாது. மனித மூளையிற் புகுந்து வலிப்பு நோயை உண்டாக்கவல்ல தீனியா சோலியம் என்னும் நாடாப்புழுவின் குடம்பிகள் பன்றிகளில் வாழ்கின்றன. மெக்சிக்கோவின் நாட்டுப்புறப் பன்றிகளை ஆராய்ந்தபோது, விதைநீக்கப்பட்ட ஆண் பன்றிகளிலும் சினைப் பன்றிகளிலும் இக்குடம்பித் தொற்று ஏனையவற்றிலும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இறைச்சிக்காகப் பன்றியை விதைநீக்கும் வழக்கம், அறியாமலே புழுவுக்கும் உதவி செய்கின்றது போலும்.

சினைப் பன்றியைக் குறிப்பிட்டோம். கருப்பநிலை என்பது ஓமோன்களும் நிர்ப்பீடனமும் ஒருசேர மாறும் காலம். பாதிப் பரம்பரையலகுகளைத் தந்தையிடமிருந்து பெற்ற கரு, தாயுடலுக்கு ஒருவகையில் அயற்பொருளே. அதனைத் தாயுடல் ஏன் வெளித்தள்ளுவதில்லை என்னும் வினாவைப் பீற்றர் மெடவார் 1953 இல் எழுப்பினார். கருப்ப காலத்திற் புரொஜெஸ்தரோன், கோட்டிசோல் முதலியன உயர்ந்து, நிர்ப்பீடனத்தின் சில பகுதிகளை அடக்கி வைப்பது அதற்கான விடையின் ஒரு கூறாகும். மூட்டுவாத நோயுற்ற பெண்கள் பலர் கருப்ப காலத்திற் சுகமடைந்து, மகப்பேற்றின் பின் மீண்டுந் துன்புறுவதும் இதனை வலியுறுத்தும்.

இவ்வுண்மையைக் கொண்டே கருப்பிணிகளை மலேரியா கடுமையாகத் தாக்குதலையும் விளக்கி வந்தனர். மலேரியா மலிந்த ஆபிரிக்க நாடுகளில், பிள்ளைப் பருவத்திலிருந்து நூறுமுறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட இளம்பெண், முதன்முறை கருவுற்றவுடன் அவ்வாற்றல் இல்லாதவள் போலாகிவிடுகிறாள். அவளுக்குக் கடுஞ் சோகையும், நிறை குறைந்த குழந்தையும், சிலவேளை குழந்தையின் இறப்பும் நேர்கின்றன. ஓமோன்கள் அவளுடைய நிர்ப்பீடனத்தைத் தாழ்த்திவிட்டன என்பது விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விளக்கத்தில் ஒரு பெருங் குறை உண்டு. இரண்டாங் கருப்பத்திலும் மூன்றாங் கருப்பத்திலும் ஓமோன்கள் அதே அளவிற்றான் உயர்கின்றன. ஆனால் நோயின் கடுமையோ கருப்பந்தோறுங் குறைந்து செல்கின்றது. ஓமோனே முழுக் காரணமாயின் மூன்றாம் பிள்ளைக்கும் முதற் பிள்ளையின் கதியே நேர்தல் வேண்டுமன்றோ?

இம்முடிச்சை அவிழ்த்தவர் மிக்கல் பிரைட், பற்றிக் டபி என்னும் இருவர். பிளாஸ்மோடியம் பல்சிப்பாரம் என்னும் ஒட்டுண்ணி புகுந்த செங்குருதிக் கலங்கள், மண்ணீரலிற் சென்று அழியாதவாறு சிறு குருதிக்குழாய்களின் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்பின. கென்யாவில் மகப்பேற்றின்போது பெற்ற சூல்வித்தகங்களிலிருந்து எடுத்த அத்தகைய கலங்களை அவர்கள் ஆராய்ந்து, 1996 இல் முடிவை வெளியிட்டனர். ஏனைய நோயாளரின் ஒட்டுண்ணிகள் பற்றிக்கொள்ளும் இடங்களை இவை நாடவில்லை. சூல்வித்தகத்திற் செறிந்துள்ள கொன்றோயித்தின் சல்பேற்று-ஏ என்னும் வெல்லச் சங்கிலியையே பற்றின. ஒட்டுண்ணியிடம், ஒட்டும் புரதங்களை ஆக்கும் ஏறத்தாழ அறுபது பரம்பரையலகுகள் உண்டு. ஒருகால் ஒன்று, பிறிதொருகால் மற்றொன்று என உடைமாற்றி அது காவலை ஏய்க்கும். சூல்வித்தகத்தைப் பற்றுவதற்கென அது அணியும் உடை வார்-2-சீ-எஸ்-ஏ என்னும் புரதம் என்பதை, கோப்பன்ஹேகன் நகரின் அலி சலாந்தியும் அவருடைய குழுவினரும் 2003 இல் இனங்கண்டனர்.

இதன் பொருள் யாது? சூல்வித்தகம் என்பது பெண்ணுடலிற் புதிதாகத் தோன்றும் ஓர் உறுப்பு. கருவுறாத பெண்ணிடமும் ஆணிடமும் அஃதில்லை. ஆகவே அவ்வுடையணிந்த ஒட்டுண்ணி அவர்களிடத்து நிலைபெறுவதில்லை. அதற்கெதிரான பிறபொருளெதிரியும் அவர்களிடத்து இல்லை. முதற் கருப்பத்திலே தாயின் காவற்படை தான் முன்னர்க் கண்டிராத பகைவனைச் சந்திக்கின்றது. பின்வருங் கருப்பங்களில் அவனை அறிந்துகொள்கின்றது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் குருதிப் பாயம், ஒட்டுண்ணி அவ்வெல்லத்தைப் பற்றுவதைத் தடுக்கின்றது என 1998 இல் பிரைட்டும் டபியும் பிறரும் காட்டினர். ஓமோன்கள் கருப்பத்தைக் காத்து நிற்பன. அக்கருப்பம் ஒட்டுண்ணிக்குப் புதியதோர் இல்லத்தை அமைத்துக் கொடுக்கின்றது. தாழ்ந்த நிர்ப்பீடனம் என்னும் ஒரு சொல்லால் நெடுங்காலம் மூடிவைக்கப்பட்டிருந்த செய்தி இது. அச்சொல்லோடு அமைந்திருந்தால் தடுப்பூசி என்னும் எண்ணமே எழுந்திராது.

நம் நாட்டின் நிலை இதனின்றும் சற்று வேறானது. 1934-35 இல் மூண்ட பெருங் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பர். இங்கு மலேரியா ஆண்டு முழுவதும் சமநிலையில் நிலவாது அலையலையாக எழுந்து தாக்கியமையால், மக்களிடத்து உறுதியான எதிர்ப்பாற்றல் வேரூன்றவில்லை. அத்தகைய நாடுகளில் முதற் கருப்பம், பிற் கருப்பம் என்னும் வேறுபாடு மங்கிவிடும்; எல்லாத் தாய்மாரும் ஆபத்துக்குள்ளாவர். உள்நாட்டிற் பற்றிய கடைசி மலேரியா நோய் 2012 இல் பதிவாகி, 2016 இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலகச் சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. இன்றைய இலங்கைத் தாய்மார் இவ்வொட்டுண்ணியை அறியார் என்பது மகிழ்ச்சிக்குரியது. வெளிநாட்டிலிருந்து அது மீண்டும் வருமாயின் அவர்தம் உடலும் அதனை அறியாது என்பதும் உண்மையே.

இனிப் புற்றுநோயை நோக்குவாம். புற்றுக்கும் இலிங்க ஓமோனுக்கும் உள்ள உறவு ஒட்டுண்ணிகளின் செய்திக்கு முன்னரே அறியப்பட்டது. மார்புப் புற்றுநோயால் வருந்திய பெண்களின் சூலகங்களை நீக்கியபோது கட்டி கரைதலைக் கிளாஸ்கோ நகர வைத்தியர் ஜோர்ஜ் பீற்சன் 1896 இல் வெளியிட்டார். முன்னிற்குஞ் சுரப்பியின் புற்றுநோய் விதைநீக்கத்தால் தணிதலை 1941 இற் காட்டிய சாள்ஸ் ஹகின்ஸ் 1966 இல் நோபெல் பரிசு பெற்றார். இவ்விரண்டும் ஓமோனை உணவாகக் கொண்டு வளரும் கட்டிகள். எஸ்திரடியோலால் அரும்பும் நாடாப்புழுவை ஒத்தவை எனலாம். ஆனால் இனப்பெருக்கத்தோடு யாதுந் தொடர்பில்லாத உறுப்புக்களிலும் ஆண் பெண் வேறுபாடு காணப்படுகின்றதே. ஈரற் புற்றுநோய் ஆடவரிடத்து இரண்டு மூன்று மடங்கு மிகுதி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மூன்று நான்கு மடங்கு மிகுதி. புகையும் மதுவும் இதற்கு ஒரு பகுதிக் காரணமே.

இவ்விடத்தும் எலிகளே வழிகாட்டின. ஈரற் புற்றை உண்டாக்கும் இரசாயனப் பொருளொன்றைக் குட்டிகளுக்குக் கொடுத்தபோது, ஆண் எலிகள் யாவும் புற்றுற்றன; பெண் எலிகளுள் 10 முதல் 30 சதவீதமே புற்றுற்றன. ஈரலிலுள்ள குப்பரின் கலங்கள் என்னும் விழுங்கற் கலங்கள், ஈரற்கலங்கள் இறப்பதைக் கண்டு இன்ரர்லியூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. ஈஸ்திரசன் அச்சுரப்பினைத் தடுக்கின்றது. அப்பொருளை ஆக்க இயலாத ஆண் எலிகளில் ஆண் பெண் வேறுபாடு அற்றுப்போயிற்று. 2007 இல் வெளியான இவ்வாய்வில் நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. நாடாப்புழு ஆண் எலியைப் பெண்மைப்படுத்துவதற்கும் இதே இன்ரர்லியூக்கின்-6 வேண்டியிருந்தது. அஃதில்லாத எலிகளிற் புழுவின் சூழ்ச்சி பலிக்கவில்லை. ஒரே தூதுப்பொருள் ஓரிடத்துப் புழுவுக்கும் மற்றோரிடத்துப் புற்றுக்கும் கருவியாகின்றது.

ஒட்டுண்ணியே புற்றை விளைக்கும் இடங்களும் உள. எகிப்து நாட்டில், தியோடர் பில்ஹாஸ் 1851 இற் கண்டறிந்த குருதித் தட்டைப்புழுக்களுள் சிஸ்தொசோமா ஹெமற்றோபியம் என்பது சிறுநீர்ப்பையின் சுவரில் முட்டைகளைப் புதைத்து, பல்லாண்டு அழற்சியை உண்டாக்கி, ஈற்றிற் புற்றுநோய்க்கு வழிசெய்யும். தாய்லாந்தின் வடகிழக்கில், சமைக்காத நன்னீர் மீன்வழி ஈரலை அடையும் ஒப்பிஸ்தோர்க்கிஸ் விவெரினி என்னும் தட்டைப்புழு பித்தக்கானிற் புற்றை உண்டாக்கும். இவ்விரண்டையும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இல் மனிதரிற் புற்றை விளைப்பன என வகுத்தது. முன்னையதன் முட்டைகளிலிருந்து ஈஸ்திரசனை ஒத்த பொருள்கள் வெளிப்படுதலும், அவை பரம்பரைப் பொருளைப் பழுதாக்க வல்லனவாதலும் அண்மைக்கால ஆய்வுகளாற் புலப்பட்டுள்ளன. மேலும், எலிகளின் சிறுநீர்ப்பைப் புற்றில், ஆண் ஓமோனானது புற்றைக் கொல்லும் நிணநீர்க்கலங்களைக் களைப்படையச் செய்து செயலற்றனவாக்குகின்றது என 2022 இற் காட்டப்பட்டது. அமீபாவை எதிர்த்த ஆண் எலியின் தளர்ச்சியை ஈண்டு நினைவுகூரலாம்.

இத்துணை வேறுபாடுகள் இருந்தும், மருத்துவ ஆய்வு கூடங்கள் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தின. பெண் எலியின் ஓமோன்கள் சில நாட்களுக்கொருமுறை மாறுவதால் முடிவுகள் குழம்பும் என்பது கூறப்பட்ட காரணம். குழப்பம் எனத் தள்ளப்பட்டதே ஆராய வேண்டிய பொருளாயிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள், தம் பொருளுதவி பெறும் விலங்காய்வுகளில் ஆண் பெண் வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என 2016 தொடக்கமே விதித்தன.

சூல்வித்தக மலேரியாவின் கதை எதிர்பாராத வகையிற் புற்றுநோயிடம் வந்து சேர்ந்ததையும் கூறுதல் வேண்டும். விரைந்து வளருதல், அயலிழையங்களுள் ஊடுருவுதல், தாயின் நிர்ப்பீடனத்தினின்றுந் தப்புதல் ஆகியன சூல்வித்தகத்துக்கும் புற்றுக்கும் பொதுவான இயல்புகள். அங்ஙனமாயின் சூல்வித்தகத்தின் வெல்லச் சங்கிலி புற்றிலும் இருக்குமோ எனச் சலாந்தியும் வன்கூவர் நகரின் மாட்ஸ் டவ்கோடும் ஐயுற்றனர். 2015 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, மலேரியா ஒட்டுண்ணியின் வார்-2-சீ-எஸ்-ஏ புரதம் பலவகைப் புற்றுக் கலங்களைப் பற்றிக்கொண்டது. சூல்வித்தகம் நீங்கலாக ஏனைய நல்லிழையங்களை அவ்வாறு பற்றவில்லை. அப்புரதத்தோடு தொண்டைக்கரப்பான் நச்சினைப் பிணைத்துச் செலுத்தியபோது எலிகளிற் கட்டிகளின் வளர்ச்சி ஒடுங்கிற்று. அதே புரதத்தின் பகுதிகளைக் கொண்டு அமைத்த இரு தடுப்பூசிகள், முதற் கருவைத் தாங்கப்போகும் பெண்களைக் காக்கும் நோக்கத்துடன், ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் மனிதரிடத்து முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டுள்ளன.